கூண்டைச் சுழற்றிய கடிகாரக்காரர்

போன வருஷம் கணக்குப் பேப்பரில் எனக்கு அரியர் விழுந்தது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அரியர் என்றதும் அம்மா ஏதோ பாக்கிப் பணம் என்று நினைத்து, எவ்வளவு கட்டணும்னு கேட்டாங்க. அந்த மனக்கஷ்டத்தில் லைப்ரரியில் உட்கார்ந்திருந்தபோதுதான் பிரெகேயைப் பற்றிப் படித்தேன்.

ஆப்ரகாம் லூயி பிரெகே 1747-இல் ஸ்விட்சர்லாந்தில் நெஷாட்டல் ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டது கடிகாரத் தொழில் குடும்பத்தில். 15 வயதில் பையனைத் தொழில் பழக பிரான்சுக்கு, வெர்சாய்க்கு அனுப்பினார்கள். பகலில் பட்டறை. மாலையில் பாரிஸ் மசாரன் கல்லூரியில் கணக்கு வகுப்பு. இந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நாள் பூரா அரம் பிடித்த கையோடு அல்ஜீப்ரா படிக்கப் போயிருக்கிறார் மனுஷன்!

1775-இல் பாரிஸில் சொந்தக் கடை. புரட்சிக் கலவரத்தில் 1793-இல் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பி, 1795-இல் திரும்பி வந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிளைத் தூக்கிப் பிடித்து முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டால், பெரும்பாலும் வால்வுப் பக்கம் கீழே வந்துதான் நிற்கும். அந்தப் பக்கம் கனம் கூட, அவ்வளவுதான். கடிகாரத்தின் பேலன்ஸ் வீலுக்கும் இதே சீக்கு உண்டு. அந்தக் காலத்துக் கடிகாரம் கோட்டுப் பையில் செங்குத்தாகவே கிடக்கும். பேலன்ஸ் வீலில் மயிரிழை கனம் ஒரு பக்கம் கூடினாலும் புவியீர்ப்பு இழுக்கும். கனம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து கடிகாரம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும்.

பிழையை அடியோடு ஒழிக்க முடியாது என்று பிரெகேக்குத் தெரியும். அதனால் பேலன்ஸ் வீல், ஹேர் ஸ்பிரிங், எஸ்கேப்மென்ட் மூன்றையும் ஒரு கூண்டில் வைத்து, கூண்டையே சுழலவிட்டார். கனமான பக்கம் எல்லாத் திசையிலும் மாறி மாறி நிற்கும். ஒரு திசையில் முந்தினால் எதிர்த்திசையில் பிந்தும். ஒரு சுற்று முடிவதற்குள் கூட்டலும் கழித்தலும் நேராகிவிடும். நம்ம கணக்கு வாத்தியார் கேட்டால் சந்தோஷப்படுவார். இதற்கு டூர்பியோன், அதாவது சுழற்காற்று, என்று பேர் வைத்து 1801 ஜூன் 26-இல் காப்புரிமை வாங்கினார். செய்வது அவ்வளவு கஷ்டம். அவர் வாழ்நாளில் விற்றது சுமார் 35 மட்டுமே.

இன்றைக்குக் கைக்கடிகாரத்திலும் டூர்பியோன் வைக்கிறார்கள். கை எப்படியும் அசைந்துகொண்டே இருப்பதால் அங்கே அதற்கு அவ்வளவு வேலை இல்லை. கைத்திறனுக்குத்தான் அந்த விலை என்று எனக்குப் படுகிறது.

அரசி மரி அந்துவானெத்துக்காக 1783-இல் ஒரு கடிகாரம் ஆர்டர் ஆனது. 1793-இல் அரசியின் தலை போனது. 1823-இல் பிரெகேயும் காலமானார். கடிகாரம் முடிந்தது 1827-இல், மகன் காலத்தில்.

கணக்குப் பேப்பரை ஏப்ரலில் மறுபடி எழுதிவிட்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. அம்மாவிடம் பாக்கி கொஞ்சம் இருக்கிறது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.