பாய்மத்தின் உராய்வை அளந்தவர்

திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்குப் புறப்பட்டுச் செல்கின்றன. நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். இவ்வூர்ப் பட்டறைகளில் ஹைட்ராலிக் எண்ணெய்க் கலன்களின்மேல் 46, 68 என்னும் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை விலையும் அல்ல, கொள்ளளவும் அல்ல. 40 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அவ்வெண்ணெயின் இயக்கப் பாகுநிலை ஏறத்தாழ எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்பதையே அவை குறிக்கின்றன. வேண்டியதைவிட நீர்த்த எண்ணெயை ஊற்றினால் பம்பு தேயும். கெட்டியானதை ஊற்றினால் பம்பு திணறும். அந்த அலகுக்குத் தம் பெயரைத் தந்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்.

ஸ்டோக்ஸ் 1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் ஸ்கிரீன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் திருச்சபை குரு. குடும்பத்தின் கடைசிப் பிள்ளை இவர். டப்ளினிலும் பிரிஸ்டலிலும் பயின்றபின் 1837இல் கேம்பிரிட்ஜின் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். 1841இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்றார். எட்டாண்டுகளில், ஒருகாலத்தில் நியூட்டன் வகித்த லூக்காசியன் பேராசிரியர் பதவி இவரை வந்தடைந்தது. பெருமை பெரிது, ஊதியமோ சிறிது. எனவே இலண்டனில் சுரங்கக் கல்லூரியிலும் வகுப்பெடுத்து வந்தார்.

பாய்மத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது உள்ளே உராய்வு எழுகிறது. அவ்வுராய்வைக் கணக்கில் கொண்ட இயக்கச் சமன்பாடுகளை 1845இல் ஸ்டோக்ஸ் வெளியிட்டார். பிரான்சு நாட்டு நேவியர் 1822இலேயே வேறு வழியில் அவற்றை எட்டியிருந்ததால், இன்று இருவர் பெயராலும் அவை வழங்குகின்றன. அடுத்து ஸ்டோக்ஸ் கையிலெடுத்தது ஊசல். புவியீர்ப்பை அளக்க அக்காலத்தில் ஊசலைப் பயன்படுத்தினர். அதன் அலைவைக் காற்று தடுப்பதால் கணக்குப் பிழைத்தது. இதை ஆராய்ந்து 1850இல் அவர் அளித்த கட்டுரையில்தான், பாய்மத்தில் விழும் சிறு கோளத்தின் மீதான தடைவிசைக்கு நாம் இயற்பியல் பாடத்தில் படிக்கும் விதி பிறந்தது. மழை மேகத்தின் நுண்துளிகள் உடனே தரையில் விழாததன் காரணத்தையும் அவ்விதி விளக்கியது.

அதே கட்டுரையில் பாகியல் எண்ணைப் பாய்மத்தின் அடர்த்தியால் வகுத்துக் கிடைக்கும் ஈவுக்குத் தனிப்பெயர் ஒன்றைச் சூட்டினார். இன்று நாம் இயக்கப் பாகுநிலை என்பது அந்த ஈவையே. ஆனால் அங்கேயே அவர் சறுக்கவும் செய்தார். காற்றின் அடர்த்தி எவ்வாறு மாறினாலும் இவ்வீவு மாறாது எனக் கொண்டார். அதனால் காற்றுக்கு அவர் கண்ட மதிப்பு உண்மையைவிடக் குறைந்துபோயிற்று. 1859இல் இளைஞரான மேக்ஸ்வெல் ஸ்டோக்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடர்ந்த காற்றாயினும் மெலிந்த காற்றாயினும் மாறாதிருப்பது பாகியல் எண்ணே எனத் தம் கோட்பாடு காட்டுவதாகவும், இதைப் பொய்யாக்கும் சோதனை எதுவும் உண்டா என்றும் அதில் கேட்டிருந்தார். பின்னர் இலண்டனில் தம் வீட்டிலேயே, மனைவி கேத்தரின் துணையோடு, கண்ணாடித் தட்டுகளைக் காற்றில் அலையவிட்டுச் சோதித்தார். கோட்பாடு மெய்யாயிற்று. அம்முடிவு 1866இல் அரங்கேறியது ராயல் கழகத்தில். அக்கழகத்தின் செயலர் வேறு யாருமல்லர், ஸ்டோக்ஸ்தான்.

வகுக்கும் அடர்த்தியை மறந்தால் எவருக்கும் இவ்விடம் வழுக்கும். 20 டிகிரி செல்சியஸில் நீரின் இயக்கப் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்டிஸ்டோக்ஸ். காற்றுக்கோ ஏறத்தாழ 15. காற்று நீரைவிடக் கெட்டியானது என்று இதற்குப் பொருளன்று. காற்றின் பாகியல் எண் மிகச் சிறிதுதான். ஆயின் அதன் அடர்த்தி நீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு குறைவு.

அலகு மாற்றத்திலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு ஸ்டோக்ஸ் என்பது வினாடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்ற பழக்கத்தில் நூறால் வகுத்துவிடுவோர் பலர். இங்கிருப்பதோ பரப்பின் அலகு. ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர் அடங்கும். ஏக்கரை நூறு சென்ட்டாகப் பிரிப்பதுபோல ஸ்டோக்ஸை நூறாகப் பிரித்தால் வருவது சென்டிஸ்டோக்ஸ். அது வினாடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டர். எனவே 68 சென்டிஸ்டோக்ஸ் என்பது 0.68 ஸ்டோக்ஸ், பன்னாட்டு அலகில் வினாடிக்கு 0.000068 சதுர மீட்டர். இதைச் சென்டிபாய்ஸாக மாற்ற வேண்டுமானால் எண்ணெயின் அடர்த்தி தெரிந்தாக வேண்டும். அது கன சென்டிமீட்டருக்கு 0.87 கிராம் எனில், விடை ஏறத்தாழ 59 சென்டிபாய்ஸ்.

ஸ்டோக்ஸ் 31 ஆண்டுகள் ராயல் கழகத்தின் செயலராகவும், பின் ஐந்தாண்டுகள் தலைவராகவும் விளங்கினார். பிறர் கட்டுரைகளைப் படித்துத் திருத்துவதிலேயே அவருடைய பொழுதில் பெரும்பகுதி கழிந்தது. அவர் சொந்தமாக எழுதியிருக்கக்கூடியவற்றை எண்ணும்போது இது இழப்பாகவே தோன்றுகிறது. இடையே நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1903 பிப்ரவரி முதல் நாள், தம் 83ஆம் வயதில், பேராசிரியர் பதவியில் இருந்தபடியே கேம்பிரிட்ஜில் காலமானார்.

அலகுக்கு அவர் பெயர் வந்தது அதற்குப் பின்னரே. இன்று ஆய்வக அறிக்கைகள் பலவும் வினாடிக்குச் சதுர மில்லிமீட்டர் என்றே அச்சிடுகின்றன. எண் மாறுவதில்லை, பட்டறைகளில் சென்டிஸ்டோக்ஸ் என்னும் வழக்கும் மறையவில்லை.