காற்றைப் பிடித்துக் காட்டியவர்

இன்று இத்தாலியில் இருக்கும் சிசிலித் தீவில், 2,500 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்கர்கள் குடியேறி வாழ்ந்தார்கள். அதன் தென்கரையில் அக்ரகாஸ் என்ற பணக்கார நகரம். கி.மு. 490-களில் அங்கே பிறந்தவர்தான் எம்பிடோக்ளிஸ். இவர் பெயரையே கொண்ட தாத்தா, ஒலிம்பியா குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவர். அவ்வளவு வசதியிலும் பேரன் சாதாரண ஜனங்கள் பக்கம்தான் நின்றாராம். அரச பதவி தேடி வந்தபோது வேண்டாம்னு சொல்லிட்டார் என்கிறார்கள்.

அவருக்கு முன்பு, எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றார் தேலிஸ். காற்று என்றார் அனக்ஸிமினிஸ். பிறகு பார்மெனிடிஸ் வந்து, இல்லாத ஒன்றிலிருந்து எதுவும் பிறக்காது என்று ஒரே போடாகப் போட்டார். அப்படின்னா கண் முன்னால் செடி முளைக்குதே, மனிதன் சாகிறானே, அது என்ன?

இங்கேதான் எம்பிடோக்ளிஸ் பிடித்தார். நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகிய நான்கும் பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை. அன்பு அவற்றைச் சேர்க்கிறது, பகை பிரிக்கிறது. நாம் பிறப்பு இறப்பு என்பது வெறும் கலவை மாற்றம். ஓவியர் சில வண்ணங்களைக் குழைத்தே மரம், மீன், மனிதன் எல்லாம் வரைகிற மாதிரி. எலும்புக்கு அளவே கொடுத்தார்: 8 பங்கில் நெருப்பு 4, நீர் 2, மீதி மண். அளவு தப்புதான். ஆனால் கான்கிரீட்டுக்கு 1:2:4 என்று சிமெண்டு, மணல், கல் கலக்கப் படிக்கிற எனக்கு அந்த யோசனை ரொம்பப் பழக்கமானது.

நமக்குத் தெரிந்த பஞ்சபூதத்தில் ஆகாயம் மட்டும் அவரிடம் இல்லை. ஐந்தாவதாக ஈதரைச் சேர்த்தது பின்னால் வந்த அரிஸ்டாட்டில். யாரைப் பார்த்து யார் சொன்னார்கள் என்று சண்டை போட நான் வரல.

காற்றும் ஒரு பொருள்தான் என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் அருமை. அடியில் ஓட்டைகள் உள்ள ஒரு முகவைப் பாத்திரம். மேல்வாயை விரலால் மூடித் தண்ணீரில் அமுக்கினால் தண்ணீர் உள்ளே ஏறாது. விரலை எடுத்தால் ஏறும். அப்போ உள்ளே ஏதோ இருந்து தடுத்திருக்கிறது! தே ஐஸ் ஸ்ட்ராவை வைத்து நீங்களே செய்து பார்க்கலாம்.

அவர் மறுபிறவியை நம்பினார். தானே முன்பு பறவையாகவும் மீனாகவும் இருந்ததாகச் சொன்னார். அதனாலேயே உயிர்ப்பலியும் மாமிசமும் கூடாது என்றார்.

தன்னைத் தெய்வமென்று நிரூபிக்க எட்னா எரிமலையில் குதித்தார், வெண்கலச் செருப்பு ஒன்று மட்டும் வெளியே வந்து விழுந்தது என்பது பிரபலமான கதை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெலொப்பனீசுக்குப் போனவர் ஊர் திரும்பாமல் அங்கேயே இறந்தார் என்று இன்னொரு பழைய குறிப்பு இருக்கிறது. அப்போது வயது 60.