நிறமே இல்லாத கேம் பாய், கலர் போட்டியாளர்களை வென்றது எப்படி? குன்பெய் யோகோயின் கதை

புதுசாக ஒரு கேம் கன்சோல் வரப்போகிறது என்றால், ஜொகூர் பாருவில் நம் நண்பர்கள் வட்டத்தில் முதலில் வரும் கேள்வி என்ன? எது அதிக பவர்? 4கே வருமா? எத்தனை ஃபிரேம் ஓடும்? இதை வைத்தே ஒரு சாயங்காலம் முழுக்க வாக்குவாதம் நடக்கும்.

ஆனால் விற்பனைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2006-ஆம் ஆண்டு நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3-யும் நிண்டெண்டோவின் வீ-யும் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன. பவரில் வீ கிட்டவே நெருங்க முடியாது. கடைசியில் வீ சுமார் 101 மில்லியன் விற்றது, பிளேஸ்டேஷன் 3 சுமார் 87 மில்லியன். கையடக்கக் கன்சோல்களிலும் இதே நிலைதான். படத்தில் அசத்திய சோனி பிஎஸ்பி-யைவிட, சாதாரணமாகத் தெரிந்த நிண்டெண்டோ டிஎஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விற்றது, 154 மில்லியன்.

இது எப்படி நடக்கிறது? இதற்கான வழியை 1980-களிலேயே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவர் குன்பெய் யோகோய். அவர் இறந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு கன்சோல் போட்டியிலும் அவர் யோசனை இன்னும் களத்தில் நிற்கிறது.

யார் இந்த யோகோய்?

1941 செப்டம்பர் 10-ஆம் தேதி ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்தவர். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தார். 1965-இல் உள்ளூர் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அதுதான் நிண்டெண்டோ.

அப்போது நிண்டெண்டோ கேம் கம்பெனி கிடையாது. 1889-இல் தொடங்கிய சீட்டுக்கட்டுத் தயாரிப்பு நிறுவனம். ஹனஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டுகளை அச்சடிக்கும் இயந்திரங்கள் பழுதாகாமல் பார்த்துக்கொள்வதுதான் யோகோயின் வேலை. பெரிய வேலை ஒன்றும் இல்லை. நிறைய நேரம் சும்மா இருக்கும்.

அந்த நேரத்தில் பொழுதுபோக்காக ஒரு பொருள் செய்தார். பிடியை அழுத்தினால் நீண்டு போய் எதிரில் இருப்பதைப் பிடிக்கும் ஒரு கை. நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று எதிர்பார்த்த யோகோய்க்கு, அதையே விற்பனைப் பொருளாக மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. 1966-இல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வந்த அந்தப் பொம்மை ஒரு மில்லியனுக்கும் மேல் விற்றது. மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

ரயிலில் கிடைத்த ஐடியா

1970-களின் பிற்பகுதி. ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் போகும்போது, போரடித்துப்போன ஒரு பயணி கையில் இருந்த கால்குலேட்டரின் பட்டன்களைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்ததை யோகோய் கவனித்தார். பெரியவர்களும் பிறர் கண்ணில் படாமல் சின்னதாக ஏதாவது விளையாட ஆசைப்படுவார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

கொஞ்ச நாள் கழித்து யமாவுச்சியின் ஓட்டுநர் வரவில்லை. காரை யோகோய் ஓட்டவேண்டி வந்தது. போகிற வழியில் பேச்சோடு பேச்சாக இந்த யோசனையைச் சொல்லி வைத்தார். அன்றைய கூட்டத்தில் யமாவுச்சி சந்தித்தது, கால்குலேட்டர் தயாரிப்பில் முன்னணியில் இருந்த ஷார்ப் நிறுவனத்தின் தலைவரை. அங்கிருந்து வேலை வேகமெடுத்தது.

அந்தச் சமயத்தில் கால்குலேட்டர் கம்பெனிகளுக்குள் கடும் விலைப்போட்டி. எல்சிடி திரையும் சிப்பும் மலிவாகக் கிடைத்தன. அதை வைத்து 1980-இல் வந்ததுதான் கேம் அண்ட் வாட்ச். ஒரு கருவியில் ஒரு விளையாட்டு, கூடவே கடிகாரம், அவ்வளவுதான். இந்த வரிசை மொத்தம் 43.4 மில்லியன் விற்றது.

1982-இல் வந்த டாங்கி காங் பதிப்புக்காக அவர் செய்த ஒரு சின்ன மாற்றம் இன்றும் நம் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது. மடித்து வைக்கும் கருவியில் ஜாய்ஸ்டிக் நீட்டிக்கொண்டு நிற்க முடியாது. அதனால் கூட்டல் குறி போல ஒரு தட்டையான பட்டனை வைத்தார். அதுதான் டி-பேட்.

வாடிய தொழில்நுட்பம் என்றால் என்ன?

யோகோயின் கொள்கைக்கு ஜப்பானிய மொழியில் ஒரு பெயர் உண்டு. தமிழில் சொன்னால், வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசித்துப் பயன்படுத்துவது. வாடிய என்றால் கெட்டுப்போன என்று அர்த்தம் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த, விலை இறங்கிவிட்ட, கோளாறெல்லாம் சரிசெய்யப்பட்ட தொழில்நுட்பம். அதை யாரும் நினைக்காத இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் பக்கவாட்டு யோசனை.

ஒன்றைச் சேர்த்தே சொல்லவேண்டும். இவை எதுவும் தனி ஆளாகச் செய்ததில்லை. யோகோயின் குழுவில் இருந்த பொறியாளர் சடோரு ஒகாடாவின் பங்கு பெரியது. அடுத்த கருவி மலிவான பொம்மையாக மட்டும் இருந்துவிடக்கூடாது, கேட்ரிட்ஜ் மாற்றி மாற்றி விளையாடும் உண்மையான கன்சோலாக இருக்கவேண்டும் என்று வாதாடியவர்களில் ஒகாடா முக்கியமானவர். அந்த இழுபறியில் பிறந்தது கேம் பாய்.

மூன்று கன்சோல்கள், ஒரு சந்தை

1989 ஏப்ரல் 21-ஆம் தேதி ஜப்பானில் கேம் பாய் வெளிவந்தது. விலை 12,500 யென். சில மாதங்களில் அமெரிக்காவுக்குப் போனது, அங்கே 89.95 டாலர், பெட்டியிலேயே டெட்ரிஸ் விளையாட்டும் இருந்தது. திரை பச்சை கலந்த சாம்பல். நான்கே நான்கு சாயல்கள். பின்னொளி கிடையாது, இருட்டில் ஒன்றும் தெரியாது.

அதே 1989-இல் அட்டாரி நிறுவனம் லிங்ஸ் என்ற கையடக்கக் கன்சோலை இறக்கியது. கலர் திரை, பின்னொளி, அதிக பவர். விலை 179.95 டாலர், அதாவது கேம் பாயைவிட இரண்டு மடங்கு. 1990-இல் சேகாவின் கேம் கியர் ஜப்பானில் வந்தது. அதுவும் கலர், அதுவும் பின்னொளி. அமெரிக்காவில் ஓடிய சேகா விளம்பரங்கள் கேம் பாயின் மங்கிய திரையை நேரடியாகவே கிண்டல் செய்தன.

மூன்றையும் ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யார் வேண்டுமானாலும் கேம் பாய் தோற்கும் என்றுதான் சொல்வார்கள். ஆனால் போட்டியாளரின் கருவி கலரில் வருகிறது என்று தெரிந்ததும் யோகோய் நிம்மதி அடைந்தார் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். காரணம், பேட்டரி.

கணக்கு போட்டுப் பாருங்க. தீபாவளிக்கு ஜொகூர் பாருவிலிருந்து ஈப்போவுக்கு பஸ்ஸில் போகிறீர்கள் என்று வையுங்கள். போக 7 மணி நேரம், வர 7 மணி நேரம். மொத்தம் 14. கேம் கியருக்கு 6 ஏஏ பேட்டரி வேண்டும், அதுவும் 3 முதல் 5 மணி நேரம்தான் தாங்கும். கோலாலம்பூரைத் தாண்டுவதற்குள் திரை அணைந்துவிடும். நான்கு மணி நேரம் என்று வைத்தால்கூட, ஊர் திரும்புவதற்குள் 4 முறை பேட்டரி போடவேண்டும், 24 பேட்டரி. கேம் பாய்க்கு 4 பேட்டரி போட்டால் 15 மணி நேரம் தாண்டும். போய்விட்டு வந்துவிடலாம்.

இதில் விளையாடுவது பிள்ளை, பேட்டரிக்குக் காசு கொடுப்பது அப்பா அம்மா. போட்டியாளர்கள் கடைக் கண்ணாடிக்குள் எது பளபளக்கும் என்று பார்த்தார்கள். யோகோய் வாங்கிப் போன பிறகு மூன்றாவது வாரம் என்ன நடக்கும் என்று பார்த்தார். வித்தியாசம் அதுதான்.

இன்னொன்றும் இருந்தது. இரண்டு கேம் பாய்களை ஒரு கேபிளால் இணைத்து நண்பனோடு விளையாடலாம். 1996-இல் போக்கெமான் வந்தபோது அந்தக் கேபிள்தான் விளையாட்டின் உயிராக மாறியது. கேம் பாயும் அதன் கலர் பதிப்பும் சேர்ந்து 118.69 மில்லியன் விற்றன. கேம் கியர் சுமார் 10.6 மில்லியனோடு நின்றது. லிங்ஸ் அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

அப்படிப்பட்டவர் தோற்றது எங்கே?

1994 டிசம்பரில் சோனி முதல் பிளேஸ்டேஷனை ஜப்பானில் வெளியிட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் சேகா சாட்டர்ன் வந்திருந்தது. இரண்டுக்கும் இடையே சண்டை சூடுபிடித்தது. 1995-இல் அமெரிக்காவில் சாட்டர்ன் 399 டாலருக்கு வந்தது; பிளேஸ்டேஷனை சோனி 299 டாலருக்கு இறக்கியது. நிண்டெண்டோவின் அடுத்த பெரிய கன்சோலான நிண்டெண்டோ 64 இன்னும் தயாராகவில்லை.

அந்த இடைவெளியில், 1995 ஜூலை 21-ஆம் தேதி யோகோயின் வெர்ச்சுவல் பாய் வெளிவந்தது. மேசையில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, குனிந்து முகத்தைப் பொருத்திப் பார்க்கும் 3டி கருவி. படம் முழுக்க சிவப்பும் கறுப்பும்தான். ஏன்? சிவப்பு எல்இடி மலிவு, மின்சாரமும் குறைவாக எடுக்கும்.

இங்கேதான் இந்தக் கதையின் முக்கியமான பாடம் இருக்கிறது. வெர்ச்சுவல் பாயிலும் யோகோய் தன் பழைய விதியைத்தான் பின்பற்றினார். மலிவான பாகம், குறைந்த மின்சாரம், யாரும் செய்யாத பயன்பாடு. எல்லாம் இருந்தும் விற்றது சுமார் 770,000 மட்டுமே. ஒரு வருஷம்கூட முழுசாகச் சந்தையில் நிற்கவில்லை.

அப்படியானால் கேம் பாயை ஜெயிக்க வைத்தது மலிவு மட்டும் இல்லை. கேம் பாயைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், நண்பன் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கலாம், கேபிள் போட்டுச் சேர்ந்து விளையாடலாம். வெர்ச்சுவல் பாயை வெளியே எடுத்துப் போக முடியாது. உள்ளே என்ன ஓடுகிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சீக்கிரமே கண்ணும் கழுத்தும் வலிக்கும் என்ற புகார்கள் வேறு. மனிதர்கள் எங்கே, எப்படி, யாரோடு விளையாடுவார்கள் என்ற பழைய கேள்விக்கு இந்த முறை அவரிடம் சரியான பதில் இல்லை.

கடைசிப் போட்டி, தன் படைப்போடு

1996 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, 31 ஆண்டு வேலைக்குப் பிறகு யோகோய் நிண்டெண்டோவை விட்டு வெளியேறினார். வெர்ச்சுவல் பாய் தோல்விதான் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் 50 வயது வாக்கில் சொந்தமாகத் தொழில் தொடங்கவேண்டும் என்று முன்பே நினைத்திருந்ததாகத்தான் அவர் விளக்கம் தந்தார். போவதற்கு முன் செய்த வேலைகளில் ஒன்று, அந்த ஜூலையில் வந்த கேம் பாய் பாக்கெட். இன்னும் சின்னது, இன்னும் தெளிவான திரை.

பிறகு கோத்தோ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் நிறுவனத்துக்காக ஒரு புதிய கையடக்கக் கன்சோலை வடிவமைக்க ஆரம்பித்தார். கேம் பாய்க்குப் போட்டியாக, கேம் பாயை உருவாக்கியவரே.

அந்தப் போட்டியைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1997 அக்டோபர் 4-ஆம் தேதி, இஷிக்காவா மாநிலத்தில் நெடுஞ்சாலையில் நடந்த ஒரு சின்ன மோதலுக்குப் பிறகு, காரிலிருந்து இறங்கிப் பார்த்தபோது வேறொரு வாகனம் மோதி இறந்தார். வயது 56.

அவர் தொடங்கிய கன்சோல் 1999 மார்ச்சில் வண்டர்ஸ்வான் என்ற பெயரில் ஜப்பானில் வந்தது. விலை 4,800 யென். ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் 30 மணி நேரத்துக்கும் மேல் ஓடும். முழுக்க யோகோய் பாணி. ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1998 அக்டோபரில் கேம் பாய் கலர் வந்துவிட்டது. இதற்குள் கலர் திரையின் விலையும் இறங்கியிருந்தது, பேட்டரிச் செலவும் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தது. அதாவது, கலரும் வாடிய தொழில்நுட்பம் ஆகிவிட்டது. கூடவே நிண்டெண்டோவிடம் போக்கெமான் இருந்தது. வண்டர்ஸ்வானால் அதைத் தாண்ட முடியவில்லை. யோகோயின் விதியே யோகோயின் கன்சோலைத் தோற்கடித்தது என்றுகூடச் சொல்லலாம்.

நமக்கு இதில் என்ன?

2025 ஜூன் 5-ஆம் தேதி நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வெளியாகி, முதல் 4 நாளிலேயே உலகம் முழுவதும் 3.5 மில்லியனுக்கும் மேல் விற்றது. அடுத்தடுத்த கன்சோல்களும் வரும், வாக்குவாதங்களும் வரும். ஸ்பெக் பட்டியலைப் பார்ப்பதில் தப்பே இல்லை. அதோடு இன்னும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே உட்கார்ந்து விளையாடப் போகிறேன்? எவ்வளவு நேரம்? யாரோடு? காஸ்வே நெரிசலில் பாதியிலேயே சார்ஜ் இறங்கிவிட்டால், 4கே வைத்து என்ன செய்வது?

வண்டர்ஸ்வானோடு முதல் நாளில் வந்த புதிர் விளையாட்டு ஒன்று உண்டு. கோடுகளை மேலும் கீழும் நகர்த்தி இணைக்கும் எளிமையான விளையாட்டு. இறந்துபோன அந்த மனிதரின் நினைவாக, அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்: குன்பெய்.