மெழுகுவர்த்தியில் உருகிய பனி

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29 ஆயிரம் அடிக்கு மேல். அதன் உச்சியை முதன்முதலில் மிதித்த இருவரில் ஒருவர் டென்சிங். 1914-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. 1935-ல் மூட்டை சுமக்கும் கூலியாளாக எவரெஸ்டுக்குப் போனார்.

அடுப்பு இல்லை!

1952 மே மாதம். சுவிட்சர்லாந்துக் குழுவுடன் சென்றார். 27,500 அடி உயரத்தில், லாம்பர்ட் என்ற வீரருடன் சிறு கூடாரத்தில் இரவைக் கழித்தார். படுக்கைப் பை இல்லை. அடுப்பும் இல்லை.

சுற்றிலும் பனி. குடிக்கவோ தண்ணீர் கிடையாது! மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கி நாக்கை நனைத்தார்கள்.

அந்த உயரத்தில் மூச்சு வாங்க வாங்க உடம்பில் உள்ள நீர் வற்றும். பிறகு கால் நகராது. மறுநாள் சுமார் 28,200 அடி வரை ஏறினார்கள். அதற்கு மேல் முடியவில்லை. திரும்பினார்கள்.

பம்பு ஸ்டவ்

அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் குழுவுடன் சென்றார். டென்சிங்கும் ஹில்லாரியும் 27,900 அடியில் தங்கினர். இந்தத் தடவை மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது. நம் வீடுகளில் ஒரு காலத்தில் 'புஸ்' என்று எரிந்த பம்பு ஸ்டவ்வின் இனந்தான். பர்னரைச் சூடாக்கிப் பம்பு அடித்தால், எண்ணெய் ஆவியாகி நீலமாக எரியும்.

மாமல்லபுரம் கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அங்கே சுமார் 70 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகாது. ஆனால் பனி உருகும். அது போதுமே! எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து, தாகம் தீரக் குடித்தார்கள்.

விடியற்காலையில் ஹில்லாரியின் பூட்ஸ் கல்லாய் உறைந்திருந்தது. அதையும் ஸ்டவ்வில் காட்டி இளக்கினார்கள்.

1953 மே 29, பகல் 11-30 மணி. உச்சியில் டென்சிங்!

பின்னர் டார்ஜிலிங் மலையேற்றப் பள்ளியில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1986-ல் காலமானார்.