உள்ளம் ஆய்ந்த போஸ்

(இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவன்)

போஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் நேதாஜி. இயற்பியல் மாணவர்களுக்குச் சத்தியேந்திரநாத போஸும், தாவரவியல் மாணவர்களுக்கு ஜகதீச சந்திர போஸும் நினைவுக்கு வரலாம். அதே வங்க மண்ணில் மனித உள்ளத்தை ஆராய்ந்த போஸ் ஒருவரும் இருந்தார். அவர்தாம் டாக்டர் கிரீந்திரசேகர போஸ். அவரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது என் வாழ்வில் ஒரு திருப்பம் என்றால் மிகையாகாது. அதனை இறுதியில் சொல்கிறேன்.

1887-ஆம் ஆண்டு பிறந்த கிரீந்திரசேகரரின் இளமை பீகாரிலுள்ள தர்பங்காவில் கழிந்தது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்றார். பின்னர் மருத்துவம் பயின்று 1910-இல் பட்டம் பெற்றார். மாயவித்தையிலும் அறிதுயில் கலையிலும் அவருக்கு இளமை முதலே ஆர்வம் உண்டு. நோயாளிகளின் உடலைச் சோதிக்கும்போதே, அவர்கள் நோயின் வேர் உள்ளத்தில் இருப்பதைக் கண்டார். மருத்துவத் தொழிலை நடத்திக்கொண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் புதிய உளவியல் துறையில் மாணவராகச் சேர்ந்தார். 1917-இல் முதுகலைப் பட்டமும், 1921-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். மருத்துவரான பின்னும் மாணவராக அமர்ந்த அந்த அடக்கம் நாம் போற்றத்தக்கது.

அக்காலத்தில் வியன்னா நகரில் சிக்மண்ட் பிராய்டு உளப்பகுப்பாய்வு என்னும் புதிய துறையை வளர்த்து வந்தார். நம் நடத்தைக்கும் ஆளுமைக்கும் காரணமானவை நாம் அறிந்த எண்ணங்கள் மட்டுமல்ல. நாம் அறியாத நனவிலி மனமும் நம்மை இயக்குகிறது என்பது அவர் கொள்கை. ஏற்கவொண்ணாத விருப்பங்கள் அங்கே ஒடுக்கப்படுகின்றன. பின்பு கனவாகவும் நோயாகவும் வேறு வடிவில் வெளிப்படுகின்றன.

இதை விளங்கிக்கொள்ள நான் தொலைவு செல்ல வேண்டியதில்லை. என் ஊர் முட்டுக்காடு. கோடையில் எங்கள் கழியின் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக்கொள்ளும். நீர் அசைவற்றுக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்ததும் மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். அடைபட்ட நீர் அழிந்துபோன நீர் அன்று. ஒடுக்கப்பட்ட விருப்பமும் அத்தகையதே.

ஒடுக்கம் பற்றிய தம் ஆய்வுநூலைப் போஸ் பிராய்டுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. பிராய்டின் நிழற்படத்தையும் பாராமல், எழுத்தை மட்டும் கொண்டு ஓர் ஓவியர் வரைந்த கற்பனைப் படத்தைப் போஸ் அனுப்பிவைத்தார். தம்மை முழு ஆங்கிலேயராகவே ஆக்கிவிட்டதைக் கண்டு பிராய்டு நகைத்தாராம்! 1922-இல் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். 1931-இல் பிராய்டின் 75-ஆம் பிறந்த நாளுக்கு அக்கழகம் தந்தத்தாலான திருமால் சிலையை அனுப்பியது. அதனைப் பிராய்டு தம் மேசைமீது வைத்துப் போற்றினார்.

அன்பு வேறு, அறிவு வேறு. பிராய்டை மதித்த போஸ் அவருடன் வாதிடவும் தயங்கவில்லை. ஒவ்வொரு விருப்பத்தின் பின்னும் அதற்கு நேர்மாறான விருப்பம் ஒன்று மறைந்துள்ளது. ஒன்று மேலே நிற்க மற்றது ஒடுங்குகிறது என்பது போஸின் கொள்கை. அடிக்க விரும்புகிறவன் உள்ளத்தில் அடிபடும் விருப்பமும் உண்டு. எதிரில் உள்ளவனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க நோயாளியைப் பழக்கினால், மறைந்த விருப்பம் மேலே வரும்; சீசாப் பலகை போல இரண்டும் மாறிமாறி எழுந்து, இறுதியில் அமைதி பிறக்கும் என்றார். ஐரோப்பிய நோயாளிகளிடம் பிராய்டு கண்ட அச்சங்கள் தம் இந்திய நோயாளிகளிடம் அவ்வளவு வெளிப்படையாக இல்லை என்றும் எழுதினார். பிராய்டு அக்கொள்கையை முழுவதும் ஏற்கவில்லை. போஸும் அதனைக் கைவிடவில்லை. ஆயினும் நட்பு முறியவில்லை.

அவர் ஏட்டளவில் நின்றவர் அல்லர். 1933-இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநோய்ப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் பொது மருத்துவமனை ஒன்றில் அமைந்த முதல் பிரிவு அதுவே. 1940-இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை உருவாயிற்று. வங்க எழுத்தாளரான அண்ணன் ராஜசேகர போஸ் அதற்குத் துணை நின்றார். கழகத்தின் தலைவராக இருந்தபடியே 1953-இல் கிரீந்திரசேகரர் மறைந்தார்.

உளப்பகுப்பாய்வுக் கொள்கைகளைச் சோதனையால் மெய்ப்பிப்பது அரிது என்று இன்றைய உளவியலார் பலர் கூறுவர். அது உண்மையே. ஆயினும் எனக்கு நேர்ந்ததைக் கூறாமலிருக்க முடியவில்லை.

கழியில் இறால் பிடித்துக் குடும்பம் நடத்துபவர் என் அப்பா. சென்ற ஆண்டு, படித்தது போதும், வேலைக்குப் போ என்றார். நான் சினந்து இரண்டு திங்கள் அவரோடு பேசவே இல்லை. போஸைப் படித்த ஓரிரவு, என் உள்ளத்தையே சோதித்தேன். படிக்க வேண்டும் என்ற விருப்பத்தின் அடியில், படிப்பை விட்டுவிட வேண்டும் என்ற விருப்பமும் ஒளிந்திருந்தது! இரு தாள்களில் தோற்றிருந்தேன். மீண்டும் தோற்பேனோ என்று அஞ்சினேன். அப்பா தடுத்தால் பழி அவரைச் சேரும். பிறகு அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். விடியுமுன் இடுப்பளவு நீரில் நிற்கும் மனிதர், மகன் தம்மைப்போல் ஆகிவிடக் கூடாது என்றும், மகன் துணைக்கு வேண்டும் என்றும் ஒருசேர நினைக்க மாட்டாரா?

மறுநாள் அவர் வலையைச் சுமந்துகொண்டு கரைவரை உடன் நடந்தேன். தோற்ற தாள்களைப் பற்றி நானே சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கட்டணம் கட்ட என்றைக்குக் கடைசி நாள் என்று கேட்டார்.

மாணவ நண்பர்களே! பிறர்மீது சினம் பொங்கும்போது ஒரு கணம் நம் உள்ளத்தின் அடியையும் துழாவிப் பார்ப்போம். ஆசானை மதிப்போம், ஐயத்தையும் அஞ்சாது கேட்போம். கிரீந்திரசேகரர் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி இதுவே.