ஒரு கப் வால்நட் எத்தனை கிராம்? கப் கணக்கைப் பழக்கிய ஃபேனி ஃபார்மரின் கதை

யூடியூப் பார்த்து பிரவுனி செய்ய இறங்கினால் முதல் குழப்பமே இதுதான். வீடியோவில் ஒரு கப் வால்நட் என்பார்கள். கையில் இருக்கும் பாக்கெட்டிலோ கிராம் கணக்கு. அமெரிக்க ரெசிபிகள் எல்லாம் ஏன் கப்பிலேயே பேசுகின்றன? அதற்கு முக்கியமான ஒரு காரணம், பாஸ்டனில் பிறந்த ஃபேனி ஃபார்மர்.

16 வயதில் விழுந்த அடி

1857 மார்ச் 23-ல் பிறந்த ஃபேனிக்கு 16 வயதில் பக்கவாதம் வந்தது. பல வருஷம் நடக்க முடியவில்லை. கல்லூரிக் கனவும் அதோடு போச்சு. வீட்டில் முடங்கியிருந்தவர் மெல்ல அடுப்படிக்கு வந்தார். பெற்றோர் வீட்டில் கட்டணம் வாங்கி ஆட்களைத் தங்க வைத்தபோது, இவர் சமையலுக்கு நல்ல பெயர் கிடைத்தது. 30 வயதையொட்டி பாஸ்டன் சமையல் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். 1889-ல் படிப்பு முடிந்தது. 1891-ல் அதே பள்ளிக்குத் தலைமைப் பொறுப்பு!

சொந்தக் காசில் 3,000 பிரதிகள்

அந்தக் காலத்துக் குறிப்புகளில் வால்நட் சைஸ் வெண்ணெய், ஒரு கை மாவு என்றுதான் இருக்கும். அனுபவசாலிக்கு அது புரியும். புதுசாகச் சமைப்பவர் என்ன செய்வார்?

1896-ல் வந்த ஃபேனியின் சமையல் புத்தகம் இதற்கு விடை சொன்னது. கப்போ ஸ்பூனோ, நிரப்பிவிட்டுக் கத்தியால் வழித்துவிட வேண்டும். நம்ம ஊரில் தலைதட்டி அளப்பதுபோல. அளவுக் கப்பை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இந்த விதியை வீடுவீடாகக் கொண்டுபோனவர் அவர்தான். பதிப்பகத்துக்கு நம்பிக்கை இல்லாததால் முதல் 3,000 பிரதிகளுக்கு ஃபேனியே செலவு செய்தார். பிறகு லட்சக்கணக்கில் விற்றது.

கப்பும் எடையும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரியும். 4 கப் மாவு ஒரு பவுண்டு (சுமார் 454 கிராம்). சர்க்கரை என்றால் 2 கப்பே ஒரு பவுண்டு என்று புத்தகத்தில் பட்டியலே கொடுத்தார்.

நட்ஸ் மட்டும் ஏன் சிக்கல்?

மாவை வழித்துவிடலாம். முழு பாதாமை எப்படித் தலைதட்டுவது? நடுவில் காற்று இடைவெளி வேறு. ஒரு அமெரிக்க கப் சுமார் 240 மில்லி. அதில் தோராயமாக:

முழு பாதாம் - 143 கிராம்
சீவிய பாதாம் - 92 கிராம்
பாதியாக உடைத்த வால்நட் - 100 கிராம்
நறுக்கிய வால்நட் - 117 கிராம்

நறுக்கிய வால்நட் இடைவெளிகளை நிரப்பிவிடுவதால் எடை கூடுகிறது. சீவிய பாதாம் படியாமல் தூக்கி நிற்பதால் குறைகிறது. அதனால் கிராமுக்கு மாற்றும் முன், நறுக்கி அளக்கச் சொல்கிறார்களா, அளந்து நறுக்கச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ரெசிபியிலேயே கிராம் இருந்தால் தராசை எடுப்பதுதான் நல்லது.

கடைசிவரை வகுப்பு

1902-ல் ஃபேனி சொந்தமாகச் சமையல் பள்ளி தொடங்கினார். 1904-ல் நோயாளிகளுக்கான உணவு பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். நர்சுகளுக்குப் பாடம் எடுத்தார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலும் பேசினார். படுக்கையில் கிடந்தவருக்குச் சாப்பாடு எவ்வளவு முக்கியம் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

கடைசி சில வருஷங்கள் மறுபடியும் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் கழிந்தன. வகுப்பை நிறுத்தவில்லை. இறப்பதற்குச் சுமார் 10 நாள் முன்புகூடப் பாடம் எடுத்தவர், 1915 ஜனவரியில் காலமானார். அப்போது வயது 57.