கப்பலோட்டிய வணிகர் வ.உ.சி.

முந்திரித் தொழில் நடைபெறும் காடாம்புலியூர்ச் சிறுவணிகர் நெஞ்சில் நிறுத்தத்தக்கது வ.உ.சிதம்பரனாரின் வாழ்வு. 1872இல் ஒட்டப்பிடாரத்தில் தோன்றிய அவர், ஆங்கிலேயரின் கடல் வாணிக ஆதிக்கத்தை எதிர்த்து 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். பங்கொன்றின் விலை 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கித் தோள் கொடுத்தார். ஆங்கில நிறுவனம் கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. 1908இல் சிறைப்பட்ட வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912இல் விடுதலையுற்றபோது கப்பலும் இல்லை. வழக்குரைஞர் உரிமமும் இல்லை. சென்னையில் சிறு வணிகம் செய்து குடும்பத்தைக் காத்தார். வறுமையிலும் தமிழ்த்தொண்டைக் கைவிட்டாரல்லர். 1936இல் மறைந்தார். நிறுவனம் வீழ்ந்தது, சமயம் கடந்து ஒன்றுகூடித் தொழில் செய்யலாம் என்னும் நம்பிக்கை வீழவில்லை. அதுவே அவர் நமக்கு விட்டுச்சென்ற முதல்.